அறமும் ஆணையும்: வ. உ. சிதம்பரனாரின் கோவைச் சிறைவாழ்வை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

நாட்டின் சட்டத்திற்கு அடங்கி ஒழுகுதல் குடிமக்கள் அனைவர்க்கும் கடன் என்பதை மறுப்பார் இலர். நெஞ்சறியத் தீதென்று கண்ட ஒன்றைச் செய்யாது ஒழிதல் கடன் என்பதையும் மறுப்பார் இலர். இவ்விரு கடன்களும் ஒருவழிப்படும்வரை வினா எழுவதில்லை. சட்டம் ஒன்றை ஏவ, நெஞ்சம் அதனை விலக்க, இரண்டற்கும் இடையே ஒருவன் நிற்க நேருமிடத்து, அவன் எதற்குக் கட்டுப்பட்டவன் என்னும் வினா எழுகின்றது.

முதுகலை வகுப்பில் இவ்வினா எழுந்தபோதெல்லாம் மாணாக்கர் கிரேக்க நாட்டுச் சாக்ரட்டீசையும் அமெரிக்க நாட்டுத் தோரோவையும் எடுத்துக்காட்டக் கண்டுள்ளோம். ஏதென்சு நகரின் சட்டங்களுக்கு மதிப்பளித்துச் சிறையினின்று தப்பிச்செல்ல மறுத்தவர் முன்னவர். அடிமை முறைக்கும் மெக்சிகோப் போருக்கும் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து 1846-ஆம் ஆண்டில் ஓர் இரவு சிறையிருந்தவர் பின்னவர். இவர்களைக் கற்றல் நன்றே. ஆயின், இவ்வினாவிற்குத் தமிழ் மரபு தரும் விடை யாது என்பதும் ஆராய்தற்குரியது.

கொங்கு நாட்டிலிருந்து எழுதும் எமக்கு இவ்வாராய்ச்சிக்குரிய சான்று அணிமையிலேயே கிடைக்கின்றது. 1908-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் 1910-ஆம் ஆண்டின் இறுதிவரை கோவைச் சிறையில் கடுங்காவல் கைதியாய் இருந்தவர் வ. உ. சிதம்பரனார். அவர் வழக்கறிஞர், சட்டத்தைக் கற்று அதனால் வாழ்ந்தவர், அச்சட்டத்தாலேயே ஒறுக்கப்பட்டவர். மேலும், திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையை 1917-இல் வெளியிட்டவர். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்த பெருமக்களுள் ஒருவர். சட்டம் அறிந்த ஒருவர், தமிழ் அறிந்த ஒருவர், தம் வாழ்விலேயே இவ்வினாவிற்கு விடைகண்ட நிலையை வேறெங்கும் எளிதிற் காண்டல் அரிது. அவர்தம் வாழ்வையும் நம் நூல்கள் காட்டும் நெறியையும் ஒருங்குவைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை ஆராய்வோம். மனச்சாட்சி என வழங்கிவந்த சொல் இக்காலத்து மனச்சான்று என வழங்குகின்றது. இரண்டும் குறிக்கும் பொருள் ஒன்றே: மனத்தின்கண் அமைந்த சாட்சி. ஈண்டு ஒன்று கருதற்பாலது. சான்று என்பது தீர்ப்பு அன்று. சான்றாளன் தான் கண்டதைக் கண்டவாறு உரைப்பவன். எதிர்த்தரப்பார் வினவும் வினாக்களுக்கு உட்படுபவன். தன் உரை பொய்யாயின் தானே ஒறுப்பிற்கு ஆளாபவன். இருக்கையில் அமர்ந்து முடிவு கூறும் உரிமை அவனுக்கு இல்லை. ஆயினும், அவன் இன்றி மன்றம் இயங்காது. சான்று கேளாது தீர்ப்பளிக்கும் மன்றம் மன்றம் எனப்படாது. மனத்தின் குரலுக்குச் சான்று என்று பெயரிட்ட தமிழர், அதன் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே அப்பெயரால் உணர்த்தினர் என்று கருதுகின்றோம்.

அடுத்து, முறை என்னும் சொல். பண்டை நூல்களில் அரசன் வழங்கும் நீதி முறை எனப்படும். அவ்வரசன்பால் குடிகள் சென்று தம் குறையை எடுத்துரைத்தல் முறையிடுதல் எனப்படும். ஆள்வோன் செய்வதும் முறை. ஆளப்படுவோன் அவன்முன் இடுவதும் முறை. ஒரு சொல்லே இருவர் செயலுக்கும் பொதுவாய் நிற்றல் தற்செயல் அன்று. முறையீட்டைக் கேளாத முறை முறையாகாது என்னும் கருத்து அச்சொல்லுள் அடங்கியுள்ளது.

வழக்கு என்னும் சொல்லும் அத்தகையதே. உலகத்தார் வழங்கிவரும் நடைமுறை வழக்கு. இருவர் மாறுகொண்டு மன்றத்தில் உரைப்பதும் வழக்கு. மரபியலில் ஆசிரியர் தொல்காப்பியனார் வழக்கினை உயர்ந்தோர்மேல் வைத்துக் கூறினார். பலர் செய்வது என்பது மட்டும் பற்றி ஒன்று வழக்காகிவிடாது. பண்பால் உயர்ந்தோர் ஏற்றுக்கொள்ளும் தகுதியும் அதற்கு வேண்டும் என்பது அதனாற் பெறப்படும்.

3. பரிமேலழகர் வகுத்த மூன்று

திருக்குறள் உரைப்பாயிரத்தில் பரிமேலழகர் அறத்தினை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாக வகுத்தார். ஒரு பொருளைத் தனித்தனியே எனதென்று கூறுவார் அது காரணமாக மாறுபட்டு உரைப்பது வழக்கு. ஒழுக்கத்தினின்றும் வழக்கினின்றும் வழுவினாரை ஆராய்ந்து அதற்குத் தக ஒறுத்தல் தண்டம். பின்னிரண்டும் உலகத்து ஒழுங்கை நிலைநிறுத்துவன. உயிர்க்கு உறுதி பயப்பதில் ஒழுக்கத்தைப் போலச் சிறந்தன அல்ல. ஆதலின் வள்ளுவர் ஒழுக்கத்தையே அறமென எடுத்துக்கொண்டார் என்பது அவர் தரும் விளக்கம்.

இவ்விளக்கத்தில் ஒரு பகுதி நம்மால் ஏற்கத்தக்கதன்று. பரிமேலழகர் ஒழுக்கத்தை வருணத்திற்கும் நிலைக்கும் ஏற்ப விதிக்கப்பட்டதாகக் கொண்டார். மனு முதலிய நூல்கள் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் அறம் என்றார். வள்ளுவரோ மனத்தின்கண் மாசின்றி இருத்தலே அறத்தின் முழுமை என்றும், ஏனையவை ஆரவாரம் என்றும் கூறினார். நூல்விதிக்கு உடன்படுதலை அறமாகக் கொண்டார் உரையாசிரியர். அகத்தின் தூய்மையை அறமாகக் கொண்டார் நூலாசிரியர். நாம் ஆராயும் வினாவின் இரு தலைகளும் திருக்குறளின் மூலத்திற்கும் உரைக்கும் இடையிலேயே நிற்கக் காண்கின்றோம்.

எனினும், உரையாசிரியரின் மூவகைப் பகுப்பு நமக்குப் பெரிதும் பயன்படும். வழக்கும் தண்டமும் ஒழுக்கத்தினின்று வழுவினாரைத் திருத்துதற்கு அமைந்தவை. ஒழுக்கத்தில் நிற்பானையே அவை ஒறுக்கத் தலைப்படின் யாது செய்வது? இதற்குப் பரிமேலழகர் விடை கூறவில்லை. காப்பியங்கள் கூறுகின்றன.

4. சிலம்பும் பெரியபுராணமும்

சிலப்பதிகாரத்துக் கோவலன் கொலை தண்டத்தின் வழு. பொற்கொல்லன் சொல் ஒன்றே கேட்டு, எதிர்த்தரப்பை வினவாது, மன்னன் ஆணையிட்டான். அரசாணை இருந்தது; முறை இல்லை. பின்னர்க் கண்ணகி வாயிலில் நின்று முறையிட்டாள். சிலம்பினுள் இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்பதனைக் காட்டிச் சான்றளித்தாள். மன்னன் தன் தவற்றை உணர்ந்தான். தானே கள்வன் எனத் தன்மேல் தீர்ப்புக் கூறி உயிர் நீத்தான். அவ்விடத்துக் கண்ணகி சான்றாளி, மன்னன் நடுவன். முறை பிழைத்து மீண்டும் தன்னிலை எய்திய இடம் அது.

அதன்பின் கண்ணகி சான்றாளியாய் நில்லாது தீர்ப்பளிப்பவளாய் மாறுகின்றாள். மதுரை எரிகின்றது. இளங்கோவடிகள் இதனைக் கருத்தின்றிப் பாடினார் அல்லர். அறவோர், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவியர், பசுக்கள் முதலியோரை விடுத்துத் தீயோரையே சாருமாறு எரிக்கு ஆணை பிறக்கின்றது. வெகுண்ட நெஞ்சிற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை அடிகள் அவ்விலக்கினால் காட்டினார்.

இவ்விடத்துக் கொங்கு நாட்டைப் பற்றிய ஒரு குறிப்பு நோக்கத்தக்கது. நூலின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை, கண்ணகிக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் கூறுகின்றது. பாண்டிய நாட்டில் மழையின்றி வறுமையும் நோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்தான். அச்செய்தி கேட்ட கொங்கிளங்கோசர் தம் நாட்டகத்துக் கண்ணகிக்கு விழவு எடுத்தனர். மழை மாறாது பெய்தது. பாண்டியனைப் பற்றிய பகுதியில் கொலை உண்டு. கொங்கிளங்கோசரைப் பற்றிய பகுதியில் அது கூறப்படவில்லை. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் குலத்தார் ஆயிரவரை ஒறுத்தல் தண்டமும் ஆகாது, அறமும் ஆகாது. அக்கொடுமையின்றியும் பத்தினியைப் போற்றல் கூடும் என்பதை இவ்விரு பகுதிகளும் அடுத்தடுத்து நின்று உணர்த்துகின்றன எனக் கொள்ளலாம்.

சிலம்பிற்கு விரிவுரை கண்ட அடியார்க்கு நல்லாரும் கொங்கு நாட்டினர்; பொப்பண்ண காங்கேயன் என்பான் அவரைப் புரந்தான். அவ்வுரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிட்டது. வழக்குரை காதைக்கு நமக்குக் கிடைக்கவில்லை. முறையும் முறையீடும் எதிரெதிர் நிற்கும் காதைக்கு அவ்வுரை கிட்டாமை தமிழாராய்ச்சிக்குப் பேரிழப்பு.

பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் வரும் மனுவேந்தன் வரலாற்றையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். கன்றை இழந்த பசு மணியை அசைத்து முறையிட்டது. அமைச்சர் நூல்வழி நின்று கழுவாய் கூறினர். மன்னன் அதனை ஏலான். மகன்மேல் தேர் ஊர்தலே தக்கது என்றான். ஈண்டு எழுதப்பட்ட விதியினும் மன்னனின் நெஞ்சம் கடுமையுடையதாயிற்று. இவ்வரலாற்றைக் கூறுவோர் மன்னனைப் புகழ்ந்து அமைவர், அமைச்சனை மறப்பர். தேரூரும்படி ஏவப்பட்ட அமைச்சன் அதனைச் செய்யான்; ஆணையை மீறி ஓடவும் இல்லை; தன் உயிரைத் துறந்தான். கொலைக்கு உடன்படாமையும், மறுத்ததன் பயனைத் தானே ஏற்றலும் அவன் செயலில் ஒருங்கு அமைந்தன. இறுதியில் கன்றும் மகனும் எழுந்தபோது அவனும் எழுந்தான் எனச் சேக்கிழார் பாடுதலின், அவன் மறுப்பு குற்றம் அன்று என்பது பெறப்படும்.

இவ்விரு காப்பியங்களாலும் மூன்று இலக்கணம் பெறுகின்றோம். ஆணையோடு மாறுகொள்ளும் நெஞ்சம், ஒன்று, மறைவின்றி முறையிடல் வேண்டும். இரண்டு, மறுத்ததனால் வரும் துன்பத்தைப் பிறர்மேல் ஏற்றாது தான் ஏற்றல் வேண்டும். மூன்று, குற்றமற்றார்மேல் சென்று எல்லை கடவாதிருத்தல் வேண்டும். இம்மூன்றனையும் கொண்டு சிதம்பரனார் வாழ்வை நோக்குவோம்.

5. வழக்கறிஞர் குற்றவாளி ஆதல்

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனார், வழக்கறிஞராய் வாழ்வைத் தொடங்கினார். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். நாட்டில் நடைமுறையிலிருந்த கம்பெனிச் சட்டத்தின் வழியே பதிவு பெற்று, பங்கு திரட்டி, கப்பல் வாங்கி, ஆங்கிலக் கம்பெனியோடு போட்டியிட்டமை கருதத்தக்கது. ஆட்சியை எதிர்த்தார், அதற்கு ஆட்சியின் சட்டத்தையே கருவியாகக் கொண்டார். 1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் ஊர்வலத்தை ஆட்சியாளர் தடுத்தனர். ஊர்வலம் நடைபெற்றது. நன்னடத்தைப் பிணை கேட்டபோது சிதம்பரனார் அதற்கு உடன்படவில்லை. மார்ச்சு 12-ஆம் நாள் அவரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். மறுநாள் நெல்லையில் எழுந்த கொந்தளிப்பில் அரசு அலுவலகங்கள் தீக்கு இரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

அரசுக்கு எதிராக வெறுப்பை விளைத்தார் என இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்கீழ் வழக்கு நடந்தது. சூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்கே இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தார். ஒன்று அவர் பேச்சிற்கு. மற்றொன்று சிவாவிற்குத் துணைநின்றமைக்கு. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதனை ஆறு ஆண்டாகக் குறைத்தது.

ஈண்டு மேல்முறையீடு செய்தமை சிந்திக்கத்தக்கது. ஆட்சியே முறையற்றது எனக் கூறியவர், அவ்வாட்சியின் மன்றத்தில் முறையிடுதல் முரண் அன்றோ எனின், அன்று என்க. சான்றாளன் மன்றத்திற்குச் செல்லுதலே அவன் கடமை. மன்றம் தன் கடமையைச் செய்யாதொழியினும் சான்றாளன் தன் கடமையினின்று நீங்கான். வழக்கு என்பது எதுவரை செல்லுமோ அதுவரை சென்று, அதன்பின் தண்டத்தை ஏற்றார் சிதம்பரனார்.

6. கோவைச் சிறையில்

கோவைச் சிறையில் அவருக்கு முதலில் சணல் உரிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும் பணி தரப்பட்டது. கைகளின் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் மாடு பூட்டி இழுக்கும் செக்கினை இழுக்கச் செய்தனர். மன்றத்தில் நின்று வாதிட்ட வழக்கறிஞர் கொங்கு நாட்டு வெயிலில் செக்கைச் சுற்றி வந்தார். இந்நிகழ்ச்சி மேடைகளில் பலகாலும் எடுத்துரைக்கப்பட்டதால், அதன் பொருளை ஆராயாமலே நாம் கடந்துசெல்வது வழக்கமாயிற்று.

அதன் பொருள் யாது? சிறையில் அவர் இரண்டனைச் செய்தார். விதிக்கப்பட்ட வேலையைச் செய்தார். விதித்தது தவறு என விண்ணப்பங்கள் வாயிலாக இடைவிடாது முறையிட்டார். உடல் தண்டத்திற்கு உட்பட்டது. நெஞ்சம் அதற்கு உடன்படவில்லை. அடங்குதல் வேறு, உடன்படுதல் வேறு என்பதைச் செயலாற் காட்டிய இடம் கோவைச் சிறை. அடங்காது ஓடியிருப்பின் சான்றின் வலிமை குன்றியிருக்கும். மனம் மாறி உடன்பட்டிருப்பின் சான்றே இல்லாதொழிந்திருக்கும்.

அக்காலத்து அவருக்குத் துணைநின்ற நண்பருள் ஒருவர் கோவை வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார். பின்னாளில் பெரியபுராணத்திற்கு விரிவான உரை கண்டு சிவக்கவிமணி எனப் பெயர் பெற்றவர் அவரே. சட்டத்தின் உள்ளே நின்று வழக்கறிஞர் தொழிலை நடத்திவந்த ஒருவர், அச்சட்டத்தால் ஒறுக்கப்பட்டவரைக் கைவிடாது போற்றினார். எல்லாரும் சிறை புகுதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. சிறைபுக்காரை அறிந்து போற்றுதலும் நெஞ்சறத்தின்பாற் பட்டதே. மனுவேந்தனுடைய அமைச்சனின் இறப்பிற்கு உரை எழுதிய கைக்கு அவ்வறம் அயலானது அன்று.

7. சிறையில் விளைந்த மெய்யறம்

1910-இன் இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட சிதம்பரனார் 1912 திசம்பர் 24-ஆம் நாள் விடுதலை பெற்றார். அவர்தம் சிறைவாழ்வின் விளைவாக எழுந்த நூல்களுள் மெய்யறம் 1914-இல் வெளிவந்தது. திருக்குறளை அடியொற்றிய அந்நூல் 125 அதிகாரங்கள் உடையது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து இயல்களாக அமைந்தது.

இவ்வைப்புமுறை ஆராய்தற்குரியது. வள்ளுவர் இல்லறத்தில் தொடங்கினார். சிதம்பரனார் மாணவரியலில் தொடங்கினார். கற்று உருவாகும் நெஞ்சமே முதல், அதன்பின் இல்லம், அதன்பின் அரசு. அரசியலுக்கு முன்னரும் பின்னரும் மாந்தன் தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்களை வைத்தார். அரசு அறத்தின் நடுவில் நிற்பது. தொடக்கமும் அன்று, முடிவும் அன்று என்பது இவ்வமைப்பாற் பெறப்படும். மனச்சான்று பிறவியிலேயே முழுமையாய் அமைவதன்று. கல்வியாலும் ஒழுக்கத்தாலும் தெளிவு பெறுவது என்னும் கருத்தும் இதன்கண் உளது. பயிற்சியில்லாச் சான்றாளன் கண்டதைப் பிறழக் கூறுதல் போலப் பயிற்சியில்லா நெஞ்சமும் தன் விருப்பத்தை அறமென்று மயங்கும். சட்டத்தை மீறும் உரிமையைப் பற்றிப் பேசுவோர் பலர். அவ்வுரிமைக்குத் தகுதி பெறும் பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அரசின் கொடுமையை நேரிற் கண்ட ஒருவர், அக்கொடுமையை மட்டும் எழுதாது, மாணவரியலை முதற்கண் எழுதியமை அவர்தம் நெஞ்சின் பக்குவத்தைக் காட்டும்.

8. ஏனைய இரு நெறிகள்

கொங்கு வட்டாரத்தில் இவ்வினாவிற்கு வேறு விடை கண்டாரும் உளர். சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராய் இருந்த சி. இராசகோபாலாச்சாரியார் ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்தார். 1921 திசம்பரில் சிறை புகுந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். முறையற்ற ஆட்சியின் மன்றத்திற்குச் செல்லாமையே முறை என்பது அந்நெறி. காந்தியடிகள் 1922-இல் அகமதாபாத்து மன்றத்தில் அதே 124-அ பிரிவின்கீழ்த் தம் குற்றத்தைத் தாமே ஒப்பி ஒறுப்பை வேண்டியதும் அந்நெறியின்பாற் பட்டது. நீதிபதி புரூம்ஃபீல்டு அவரை மதித்துப் பேசிய பின்னரே ஆறாண்டுத் தண்டனை விதித்தார்.

சிதம்பரனார் அந்நெறியை ஏற்றிலர். 1920-இல் ஒத்துழையாமைத் தீர்மானத்தோடு கருத்து வேறுபட்டுக் காங்கிரசினின்று விலகினார். இழந்த வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற முயன்றார். ஒருவர் நெஞ்சறிய மன்றத்தை நீங்கினார். ஒருவர் நெஞ்சறிய மன்றத்திற்கு மீண்டார். இவருள் ஒருவரே மனச்சான்றுடையார் எனக் கூறுதல் பொருந்தாது. சான்றாளர் இருவர் கண்டதை வெவ்வேறு இடத்தினின்று உரைத்தனர் எனக் கொள்வதே நேரிது.

மூன்றாமவர் குமரன். 1904-இல் சென்னிமலையில் பிறந்து திருப்பூரில் தொழில் செய்த அவர் வழக்கறிஞரும் அல்லர், நூல் எழுதியவரும் அல்லர். 1932 சனவரி 10-ஆம் நாள் தடையை மீறிய ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்றார். காவலரின் தடியடியால் வீழ்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். அவர்தம் சான்று சொல்லால் ஆயதன்று. கையினின்று நழுவாத கொடியால் ஆயது. கற்றார்க்கே உரியதன்று மனச்சான்று என்பதற்கு அவரே சான்று.

9. தடைகளும் விடைகளும்

இனி, இக்கருத்திற்கு எழக்கூடிய தடைகளை நோக்குவோம்.

ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சே சான்றெனக் கூறிச் சட்டத்தை மீறத் தொடங்கின் நாடு என்னாம் என்பது முதல் தடை. இதற்கு விடை முன்னரே கூறப்பட்டது. நெஞ்சம் சான்றேயன்றித் தீர்ப்பு அன்று. சான்றாளனாய் நிற்பவன் மறைந்து மீறான். வெளிப்பட நின்று உரைப்பான். விளைவிற்குத் தன்னை ஒப்புவிப்பான். வரியை மறைப்பவனும் கள்ளக்கடத்தல் செய்பவனும் சட்டத்தை மீறுகின்றனர். ஆயின் அவர் மன்றத்தை நாடுவதில்லை. இவ்வேறுபாட்டை அறிதல் எளிது.

சிதம்பரனார் வன்முறையை முற்றும் விலக்கியவரா என்பது இரண்டாம் தடை. அவர் திலகர் வழிவந்தவர். காந்தியடிகளின் அகிம்சை நெறியை அவர்மேல் ஏற்றிக் கூறுதல் வரலாற்றிற்குப் பொருந்தாது. நெல்லைக் கொந்தளிப்பில் மாண்ட நால்வரையும் நாம் மறத்தலாகாது. மக்களின் சினம் சான்றின் எல்லையைக் கடந்து எரியாய் மாறிய இடம் அது. ஆட்சியின் தண்டம் எல்லையைக் கடந்து துப்பாக்கியாய் மாறிய இடமும் அதுவே. மூன்றாம் இலக்கணத்தைக் காத்தல் தனியொருவர்க்கே அரிது. திரண்ட மக்கட்கு மிக அரிது. இவ்வுண்மையை மறையாது ஏற்றலே ஆராய்ச்சிக்கு அழகு.

மூன்றாம் தடையே கடுமையானது. நெஞ்சிற்கு உண்மையாய் நின்றவரின் துன்பத்தை அவர் மட்டுமா ஏற்றார்? தண்டனை கேட்ட அவர்தம் தம்பி அறிவு திரிந்தார். கப்பற் கம்பெனி அவர் சிறையிலிருக்கும்போதே கலைந்தது. பங்கிட்டவர் பொருள் இழந்தனர். விடுதலைக்குப் பின் அவர்தம் குடும்பம் வறுமையுற்றது. தான் ஏற்கக் கருதிய சுமையைச் சுற்றத்தாரும் சுமக்க நேர்ந்தது. இதற்கு முற்ற அமைந்த விடை எம்பால் இல்லை. மறுப்பவனின் சுமையைக் குறைத்தல், அவன் சான்றினால் பயன்பெறும் சமுதாயத்தின் கடன் என்பது மட்டும் கூறலாம். சிறையினின்று வெளிவந்தவரை நாடு போதிய அளவு தாங்கவில்லை. அக்குற்றம் ஆங்கிலேயருடையது அன்று, நம்முடையது.

10. வாலசு துரையின் செயல்

இவ்வரலாற்றில் மற்றொருவர் உளர். 1908-இல் சிதம்பரனார்மேல் வந்த வழக்கின் தொடக்க விசாரணையை நடத்தியவர் வாலசு என்னும் ஆங்கில அதிகாரி. சட்டம் ஏவியவாறு அவர் அன்று கடமை செய்தார். ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்திருந்த காலத்து, சிதம்பரனார்க்கு வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைக்கத் துணைசெய்தார். சிதம்பரனார் அந்நன்றியை மறவாது தம் மகன் ஒருவருக்கு அவர் பெயர் விளங்கப் பெயரிட்டார்.

சட்டத்தின் ஆணையை நிறைவேற்றுவோர்க்கும் மனச்சான்று உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. சான்று உரைத்தவரின் பொறுமை, தாமதித்தேனும், ஆணையின் பக்கத்தில் நின்ற ஒருவரை முறையின் பக்கத்திற்குக் கொணர்ந்தது. அவர் ஏந்திய கருவி சட்டமே. அன்று சிறைக்கு வழிவகுத்த சட்டம் பின்பு மன்றத்தின் வாயிலைத் திறக்கவும் பயன்பட்டது. சட்டத்தைப் பகையாகக் கருதாது, முறைக்கு மீளக்கூடிய ஒன்றாகக் கருதிய சிதம்பரனாரின் நெறி பொய்க்கவில்லை.

11. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: தமிழ் மரபில் சட்டத்திற்கு அடங்குதலும் நெஞ்சிற்கு உண்மையாய் நிற்றலும் இரு தலைவர்க்குச் செய்யும் இரு பணிகள் அல்ல, முறை என்னும் ஒன்றன் இரு கூறுகள். ஆள்வோன் முறை செய்யக் கடமைப்பட்டவன்; அதனால் முறையீட்டைக் கேட்கக் கடமைப்பட்டவன். குடிமகன் அடங்கக் கடமைப்பட்டவன். அதனால், ஆணை அறத்தினின்று வழுவும்போது வாயடைத்து இராது முறையிடக் கடமைப்பட்டவன். வாய்திறவாது உடன்படுவோன் அரசனுக்கும் நன்மை செய்தவன் ஆகான். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்னும் வள்ளுவர் கருத்தும் இதுவே.

சிதம்பரனாரை ஒறுத்த ஆட்சி 1947-இல் அகன்றது. அவ்வாட்சி இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டமும் 2024 சூலை 1-ஆம் நாள் வழக்கொழிந்தது. இன்று நம்மை ஆளும் சட்டம் நம் பேராளர் இயற்றுவது. அடங்கி ஒழுகுமாறு நம்மைக் கேட்கும் உரிமை அதற்கு மிகுதி. ஆயினும் வினா முடிந்துவிடவில்லை. பாண்டியன் அயலான் அல்லன். மனுவேந்தனும் அயலான் அல்லன். தம்மவர் ஆட்சியிலேதான் நம் புலவர் இவ்வினாவை எழுப்பினர்.

அயலவர் ஆட்சியில் மறுத்தவரைப் போற்றுதல் இன்று எளிது. நம்மவர் ஆட்சியில், நமக்கு உவப்பில்லாத ஒன்றை ஒருவர் நெஞ்சறியக் கூறித் தண்டத்திற்கும் ஒருப்பட்டு நிற்குமிடத்து, அவரைச் சான்றாளராக மதித்துக் கேட்க நாம் அணியமாய் உள்ளோமா என்பதே செக்கிழுத்தவர் நமக்கு விட்டுச்சென்ற வினா. அறநூல்களைக் கற்பிக்கும் நம்மனோர் அவ்வினாவை மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்; முதற்கண் நம் நெஞ்சிற்கும் எடுத்துரைத்துக்கொள்ளல் வேண்டும்.